எட்டேகால் இன்ச் காலர்

கம்ப்யூட்டர் திரைமேல் இன்ச் டேப் வைத்து அளந்த ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் தையல்கடை மாஸ்டர் அளந்தார். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை. மருமகன் லேப்டாப்பைக் கட்டிங் மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, டேப்பின் பித்தளை முனையைப் படத்தில் இருந்த காலரின் ஒரு ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து மறு ஓரத்தைப் படித்தார்.

"ஏழேமுக்கால். பத்தாது மாப்பிள்ளை, எட்டேகால் வரணும்."

மருமகன் எதையோ தட்டினார். படம் உப்பியது.

"எட்டரை. இப்ப கூடிப்போச்சு. கொஞ்சம் இறக்குங்க."

"மாமா, இது திரையில பாக்கிறதுக்குத்தான். அளவு வந்து..."

"பாக்கிறதுக்கா? வெட்டுறதுக்குங்க! இறக்குங்க."

மாமனாரிடம் மறுபடி மறுபடி எதிர்த்துப் பேச எந்த மருமகனுக்கு வாய் வரும்? இறக்கினார். ஏழாவது தடவை டேப் எட்டேகாலில் நின்றது. மாஸ்டர் மூச்சே விடவில்லை. "அசைக்காதீங்க! அப்படியே விடுங்க. காலர் சரியா இருந்தா மத்ததெல்லாம் தானா சரியா இருக்கும்" என்றார். சொன்னதில் பாதி உண்மைதான். அந்தப் பாதிதான் அடுத்த ஒரு வாரம் எல்லோரையும் பாடாய்ப் படுத்தியது.

மாஸ்டருக்குத் தெருவில் 'கால் இன்ச்' என்று பட்டப்பெயர். ஒரு தடவை சட்டையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறப்போன ஆளைத் துரத்திக்கொண்டு ஓடி, இடது கைப் பட்டி கால் இன்ச் கூடிவிட்டது என்று சட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர். அந்த ஆள் திருடன் திருடன் என்று கத்தி, பஸ் ஸ்டாண்டே கூடிவிட்டது. அதற்கெல்லாம் அசருகிறவரா? மறுநாள் சட்டையைக் கொடுக்கும்போது, "இப்பப் போட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். கழுத்தில் எந்நேரமும் மஞ்சள் டேப் தொங்கும். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார்.

இருபத்தெட்டு வருஷம் அந்தக் கடையில் அவர் வெட்டினார், அவருடைய தங்கை தைத்தாள். தங்கைக்கு ஐம்பத்தொரு வயது. இன்னும் அவருக்குப் பாப்பாதான். பாப்பாவின் தையலைப் பார்த்தால் மெஷின் போட்டதா ரயில் தண்டவாளம் போட்டதா என்று சந்தேகம் வரும், அவ்வளவு நேர். காஜா, அதாவது பட்டன் நுழைகிற துளை, அதை நூலால் சுற்றிக் கட்டுகிறது முதுகை ஒடிக்கிற வேலை. அதையும் அவள்தான் எடுப்பாள். மாஸ்டர் ஊசியைத் தொட மாட்டார். அவள் கத்தரியைத் தொட மாட்டாள்.

தொட்டாள், ஒரே ஒரு தடவை. வேலைக்கு வந்த மறுவருஷம், அண்ணன் வெளியே போயிருந்தபோது ஒருத்தரின் கோட்டுக்குக் கை வெட்டினாள். இரண்டும் இடது கையாக வெட்டிவிட்டாள். திரும்பி வந்த மாஸ்டர், கடை நிறைய ஆள் இருக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? அந்த இரண்டு கைகளையும் சுவரில் ஆணி அடித்து மாட்டி, வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "எங்க பாப்பா வெட்டினது. ரெண்டு இடது கை இருக்கிறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க" என்றார். ஒரு வருஷம் தொங்கியது. அதன் பிறகு அவள் கத்தரி இருக்கிற பக்கம்கூடத் திரும்பவில்லை. மாஸ்டருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. நமக்குத் தோன்றுகிறது, என்ன செய்ய.

எட்டு மாதத்துக்கு முன்னால் பாப்பாவின் புருஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இருவரும் நான்கு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த அவர் ஊருக்குக் குடிபோனார்கள். அங்கே முன்னறையில் மெஷினைப் போட்டாள். கிழிசல், கீழ்மடிப்பு என்று சில்லறை வேலை வந்தது. பிறகு ஒருநாள் போன் வந்தது.

"அண்ணா, இங்க புதுசா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் திறக்கிறாங்க. இருபத்திரண்டு வெள்ளைக் கோட்டு. எல்லாம் ஒரே அளவு. துணியும் அவங்களே குடுத்துட்டாங்க. இன்னும் பத்து நாள்ல, திங்கட்கிழமை வேணுமாம்."

"அடி சக்கை! தைச்சுக் குடு."

"தைப்பேன். யார் வெட்டுறது?"

மாஸ்டர் கடையைச் சுற்றிப் பார்த்தார். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். கடையில் சீருடைத் துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. நகர முடியாது.

"துணி அளந்து குடுத்திருக்காங்க, ஒரு முழம்கூட மிச்சமில்ல" என்றாள் அவள். "இது கெட்டுச்சுன்னா அவ்வளவுதான் அண்ணா. மெஷினை மூடி வெச்சிடுவேன். வெட்டத் தெரியாதவளுக்கு எதுக்குக் கடை?"

பேட்டர்னை, அதாவது துணிமேல் வைத்து வெட்டுகிற அளவு அச்சை, பழுப்புத் தாளில் வெட்டித் தபாலில் அனுப்பலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மகளும் அதைத்தான் கேட்டாள். "மடிச்சு அனுப்பணும். மடிப்புல ஒரு நூல் போயிடும்" என்றார் மாஸ்டர். ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. இப்படிப்பட்ட மனிதரைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது? அப்போதுதான் மருமகன் நுழைந்தார். அவருக்குக் கம்பெனிகளுக்கு வலைப்பக்கம் செய்து கொடுக்கிற வேலை. "ஒரு பக்கம் போட்டுடலாம் மாமா. படத்தை அதுல வெச்சுட்டா அவங்க அங்க திறந்து எடுத்துக்குவாங்க" என்றார்.

முதலில் பேட்டர்னைப் போட்டோ எடுத்துப் போட்டார். மாஸ்டர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். கோடு கட்டைவிரல் தடிமனுக்கு உப்பி, ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. "இந்தக் கோட்டுல நான் எங்க வெட்டுறது? உள்ள ஓரமா, வெளி ஓரமா, நடுவா? மூணுக்கும் கால் இன்ச் வித்தியாசம் வருதே!" என்றார். நியாயமான கேள்விதான்.

"அப்ப வெக்டரா வரைஞ்சு வெச்சிடறேன்" என்றார் மருமகன். போட்டோ என்பது புள்ளிகளின் கூட்டம், பெரிதாக்கினால் புள்ளியும் பெரிதாகும். வெக்டர் என்பது அப்படி இல்லை, இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு இப்படி வளைந்து ஒரு கோடு போடு என்கிற வாசகம் மட்டும்தான் அதில் இருக்கும், ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் புதிதாக வரையும், எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகவே நிற்கும் என்றார். மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். "அட, நான் பாப்பாவுக்குப் போன்ல சொல்ற மாதிரி!" என்றார். மருமகன் இரண்டு நாள் உட்கார்ந்து முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாவற்றையும் வரைந்தார். தனிக் கோப்பாக வலைப்பக்கத்தில் வைத்தபோது துண்டுகளின் மேல் எழுதியிருந்த எழுத்தெல்லாம் வேறு வடிவத்துக்கு மாறிப்போனது. உடனே அதை எடுத்துவிட்டு, வரைபடத்தின் வாசகத்தையே பக்கத்துக்குள் கொட்டினார். எழுத்து சரியானது. அதற்குப் பிறகுதான் மாஸ்டர் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். நாம் முதலில் பார்த்தது அதைத்தான்.

துணியை மடித்து வெட்டுவதால் பேட்டர்னில் பாதிக் காலர்தான் இருக்கும். அந்தப் பாதி எட்டேகால்.

மறுநாள் மத்தியானம் பாப்பாவிடமிருந்து போன். வீட்டுப் பிளான் அச்சடிக்கிற கடையில் கொடுத்துப் பெரிய தாளில் எடுத்துவிட்டாளாம்.

"காலர் எவ்வளவு வந்திருக்கு?" என்றார் மாஸ்டர்.

"அஞ்சரை."

"எட்டேகால் பாப்பா."

"நான் படிச்சதைத்தான் சொல்றேன். அஞ்சரை. இந்தக் கோட்டைக் குழந்தைக்கு மாட்டலாம், நர்ஸுக்கு மாட்ட முடியாது."

மாஸ்டர் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொல்லி டேப்பை வைத்தார். எட்டேகால். மயிரிழை பிசகவில்லை. "இங்க எட்டேகால் காட்டுது. உன் டேப்பைப் பாரு. துணி டேப் பழசானா இழுத்துப்போகும். மாத்துன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"என் டேப் நல்லாத்தான் இருக்கு. உன்னோடதுதான் இழுத்துப்போச்சு. பதினோரு வருஷமா கழுத்துல தொங்குது, வேர்வையில ஊறி."

என் டேப்பையா சொன்னாள், என் டேப்பையா என்று மாஸ்டர் சாயங்காலம் வரைக்கும் புலம்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, அந்த டேப்பையே சுருட்டி ஒரு உறைக்குள் போட்டுக் கூரியரில் அனுப்பிவிட்டார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கழுத்து மொட்டையாக இருந்தது. அடிக்கடி கை அங்கே போய் வெறும் சட்டையைத் தடவிவிட்டுத் திரும்பியது.

டேப் போய்ச் சேர்ந்தது. பாப்பா அதை வைத்து அளந்தாள். அதே அஞ்சரை. சரி, அச்சுக்கடைக்காரன்தான் கோளாறு பண்ணியிருக்கிறான் என்று வேறு கடைக்குப் போனாள். அங்கே எடுத்த தாளில் காலர் ஒன்பதரை இன்ச் ஒரு நூல்.

"எவ்வளவு?" என்று மாஸ்டர் கத்தினார்.

"ஒன்பதரையும் ஒரு நூலும். உன் டேப்ல பாத்துத்தான் சொல்றேன்."

அவருக்குத் தலை சுற்றியது. ஒரே படம். இங்கே எட்டேகால், ஒரு கடையில் அஞ்சரை, இன்னொரு கடையில் ஒன்பதரைக்கு மேல். துணி சுருங்கும், தெரியும். தோல் சுருங்கும். படம் எப்படிச் சுருங்கும்? அன்றைக்கு இரண்டு பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு அளவை மாற்றி வெட்டிவிட்டார். முப்பத்தைந்து வருஷத் தொழிலில் இப்படி நடந்ததே இல்லை.

"நான் வெட்டமாட்டேன் அண்ணா" என்றாள் பாப்பா. "எது சரின்னு உனக்கே தெரியல. எனக்கு எப்படித் தெரியும்?"

அன்றைக்கு வியாழக்கிழமை. அவளுக்கு மிச்சம் இருந்தது மூன்று நாள்.

மாஸ்டர் மருமகனைப் பிடித்து உலுக்காத குறை. "உண்மையைச் சொல்லுங்க மாப்பிள்ளை. இந்தப் படத்தோட அளவு என்ன?"

மருமகன் லேப்டாப்பை மூடினார். "அதுக்கு அளவு கிடையாது மாமா."

"என்னது?"

"வெக்டர் படத்துக்குன்னு தனியா நான் அளவு எதுவும் குடுக்கல. நாம எவ்வளவு இடம் குடுக்கிறோமோ அந்த இடம் முழுக்க விரிஞ்சுக்கும். என் லேப்டாப்ல இவ்வளவு இடம்னு சொல்லி வெச்சதால எட்டேகால். முதல் கடையில ரெண்டடி அகலத் தாள், அதுக்குள்ள அடங்கிடுச்சு. ரெண்டாவது கடையில மூணரை அடித் தாள், அது பூரா விரிஞ்சிடுச்சு. போன்ல பாத்தா காலர் அரை இன்ச்கூட இருக்காது."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொல்ல வந்தேன். நீங்கதான் டேப்பை வெச்சுக்கிட்டு இறக்குங்க இறக்குங்கன்னு..." மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எனக்கு வாய் வரல மாமா."

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அளவே இல்லாத ஒரு பொருள் உலகத்தில் இருக்கும் என்று அவர் கேள்விப்பட்டதே இல்லை. அதை நம்பித் தங்கையைக் கத்தரி வைக்கச் சொன்னோமே என்று நினைத்தார். உடனே அவளுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் போட்டார், எடுக்கவில்லை. மத்தியானம் அவள் புருஷன் எடுத்து, "முன்னறைக் கதவைச் சாத்திக்கிட்டா. யாரும் வராதீங்கன்னு சொல்லிட்டா. அழுறாளான்னும் தெரியல" என்றார்.

மெஷினை மூடிவிட்டாள் என்றே மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினார். சீருடையாவது ஒன்றாவது! பையில் அவருடைய பெரிய கத்தரி, துணியில் சுற்றி. சாக்பீஸ் நாலு. பழுப்புத் தாளில் புதிதாக வெட்டிய பேட்டர்ன், மடிப்பு விழாமல் உருட்டி, நான்கு மணி நேரமும் மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி. பக்கத்தில் உட்கார்ந்தவர் தூங்கித் தூங்கி அதன்மேல் சாய்ந்தார். நான்கு தடவை தள்ளிவிட்டார். இருபத்திரண்டு கோட்டு, நான் ஒரு பகலில் வெட்டிவிடுவேன், அவள் ராத்திரிக்குள் பாதி தைத்துவிடுவாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனார்.

கதவைப் பாப்பாவே திறந்தாள். கழுத்தில் அவருடைய மஞ்சள் டேப். தலைமுடியில் நூல் துணுக்கு.

"வெட்டிட்டேன் அண்ணா" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. முன்னறையில் வெள்ளைத் துண்டுகள் அடுக்கு அடுக்காகக் கட்டி வைத்திருந்தன. பாதிக் கோட்டுகள் தைத்தே முடிந்து கொடியில் தொங்கின. தரையில் அந்தப் பெரிய தாள் விரித்திருந்தது, காலர் ஒன்பதரை இன்ச் ஒரு நூல் வந்த தாள். அதன் பக்கத்தில் ஒரு மரச்சட்டம். சட்டத்தின்மேல் இடுப்புப் பட்டைக்குப் போடுகிற வெள்ளை எலாஸ்டிக் ஒன்று இரண்டு முனையிலும் ஆணி அடித்து இறுக்கமாக இழுத்துக் கட்டியிருந்தது. எலாஸ்டிக் முழுக்கப் பேனாவால் போட்ட கோடுகள்.

"என்ன பாப்பா இது?"

"டேப்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டு தாளையும் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சுப் பாத்தேன். பெருசு சின்னதுதான், உருவம் அச்சா ஒண்ணு. அப்ப படம் தப்பில்ல, இழுத்திருக்குன்னு தோணிச்சு. நாமதான் மாத்தி மாத்தி டேப் இழுத்துப்போச்சுன்னு சண்டை போட்டோமே, சரி, படம் எவ்வளவு இழுத்திருக்கோ அவ்வளவு டேப்பையும் இழுத்தா என்னன்னு பாத்தேன். எலாஸ்டிக்ல உன் டேப்பை வெச்சு இன்ச் இன்ச்சா கோடு போட்டேன். தாள்ல காலர்மேல வெச்சு, எட்டேகால் கோடு ஓரத்துல வந்து நிக்கிற வரைக்கும் இழுத்து ஆணி அடிச்சேன். அப்புறம் தோளு, கைக்குழி, நீளம் எல்லாத்தையும் இதுலயே படிச்சேன். படிச்ச நம்பரை உன் டேப்ல எடுத்துத் துணியில போட்டேன். முதல் கோட்டைத் தைச்சு அந்தக் கூடத்து நர்ஸுக்கே போட்டுப் பாத்துட்டேன். கச்சிதமா உக்காந்துச்சு."

அவர் சட்டத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமே புரியல" என்றார்.

"இருக்கட்டும். டீ போடறேன்" என்று அவள் உள்ளே போனாள்.

அவள் போனதும் மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? கைகள் கட்டி வைத்திருந்த அடுக்கை அவிழ்த்தார். வெட்கக்கேடு, ஆனால் அவிழ்த்தார். கொடியில் தொங்கிய கோட்டுகளையும் விடவில்லை. துணிக்கு நல்ல பக்கம், உள்பக்கம் இருந்தது. ஒவ்வொரு கையாக நல்ல பக்கம் மேலே வரும்படி போட்டு, தோளில் சேர்கிற ஓரத்தின் முன்குழிவு எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பார்த்து எண்ணினார். இடது இருபத்திரண்டு. வலது இருபத்திரண்டு. நம்பிக்கை இல்லாமல் திரும்ப எண்ணினார்.

"சரியா இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்டாள் பாப்பா. கையில் டீ டம்ளர். எத்தனை நேரமாக நின்றாளோ.

மாஸ்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கையில் ஒரு வெள்ளைக் கை இருந்தது. கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"அன்னிக்கு நான் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். "ஆணியில மாட்டியிருக்கவும் கூடாது. தப்புதான் பாப்பா. உன்னை இருபத்தேழு வருஷம் கத்தரி தொடவிடாம பண்ணிட்டேன்."

"ஒரு வருஷம் தொங்குச்சு" என்றாள் அவள். "தினமும் கடை திறந்ததும் அதைத்தான் முதல்ல பாப்பேன்." டீயை நீட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது அவளா அவரா என்று சொன்னால் மாஸ்டர் என்மேல் கோபித்துக்கொள்வார்.

மருமகன் போன் செய்தார். மாஸ்டர் எலாஸ்டிக் கதையைக் குழப்பிக் குழப்பிச் சொன்னார். அந்தப் பக்கம் மருமகன் குதிக்காத குறை. "மாமா! அவங்க செஞ்சதுதான் மாமா உள்ளுக்குள்ள நடக்குது! படத்துக்குள்ளயே அதுக்குன்னு ஒரு ஸ்கேல் இருக்கு. படம் விரிஞ்சா ஸ்கேலும் கூடவே விரியும். எப்படி மாமா கண்டுபிடிச்சாங்க?"

"எனக்கு என்னங்க தெரியும். அளவு இல்லைன்னீங்க, இப்ப ஸ்கேல் இருக்குங்கறீங்க. பாப்பாவையே கேட்டுக்குங்க" என்று போனை வைத்துவிட்டார்.

பை அவர் காலடியில் கிடந்தது, கத்தரி சுற்றின சுற்று பிரியாமல். உருட்டின பேட்டர்ன் மூலையில் சாய்ந்திருந்தது. நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்தவருக்கு அங்கே வெட்ட ஒரு துண்டுத் துணி இல்லை. சந்தோஷமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. அழுகையும் வந்தது. எது எதற்கு என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "நான் என்ன பண்ணட்டும் பாப்பா, சும்மா உக்காந்திருக்கவா?" என்றார்.

"காஜா எடேன்" என்றாள் அவள். மெஷின் பக்கம் திரும்பிவிட்டாள். "இருபத்திரண்டு கோட்டு, அஞ்சஞ்சு காஜா. ஊசி அந்த டப்பாவுல இருக்கு."

கட்டிங் மாஸ்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் கோட்டை மடியில் விரித்து, கண்ணால் பார்த்து நீலச் சாக்பீஸால் ஐந்து குறி போட்டார். ஊசியில் நூல் கோர்க்கவே ஏழு தடவை ஆனது. முதல் குறியில் குத்தப் போகும்போது பாப்பா எழுந்து வந்து குனிந்தாள். கழுத்திலிருந்து மஞ்சள் டேப்பை உருவி, ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள்.

"கால் இன்ச் தள்ளியிருக்கு. அழிச்சுட்டுப் போடுண்ணா" என்றாள்.

மாஸ்டர் அழித்துவிட்டுப் போட்டார்.